சிப்பாங்கில் நெடுநேரக் கார் பந்தயம்: கணக்குக்குள் வருவதும் கைமீறி வருவதும்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கார்ப் பட்டறை நடத்தும் நம்மவர்கள் சிலர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு காரைத் தயார்செய்து, சிப்பாங் 1000 கிலோமீட்டர் போன்ற நெடுநேரப் பந்தயத்தில் ஒருமுறையாவது இறங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 991 பிரிவில் (போர்ஷே 911 கப் கார்களின் பிரிவு) மூன்றாம் இடம் பிடித்த பிறகு அந்த ஆசை இளைஞர்களிடமும் பற்றிக்கொண்டுவிட்டது. இன்ஜினைப் பிரித்துக் கோக்கவும் சஸ்பென்ஷனைச் சரிசெய்யவும் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். ஆனால் பந்தய நாளன்று பிட் (எரிபொருளுக்கும் டயருக்கும் கார்கள் வந்து நிற்கும் இடம்) சுவரோரம் நின்று, காரை எந்தச் சுற்றில் உள்ளே அழைப்பது, எப்போது பொறுத்திருப்பது என்று முடிவெடுக்கும் வேலையை முறையாகச் சொல்லித்தருபவர்கள் அரிது. அந்த இருக்கையில் முதன்முறையாக உட்காரப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

எட்டு மணி நேரம் ஓடும் பந்தயத்தில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கில்லை என்று யாரும் சாதிக்க முடியாது. சேஃப்டி கார் (விபத்து நேரும்போது பந்தயக் கார்களை மெதுவாக ஓடவைக்க முன்னால் ஓடும் அதிகாரிகளின் கார்) எப்போது வெளிவரும் என்பது நம் கையில் இல்லை. மேகம் எந்த வளைவின் மேல் உடையும் என்பதும் நம் கையில் இல்லை. ஆனாலும் ஒரே சேஃப்டி கார் ஒரு குழுவுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்தை லாபமாகக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் குழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. முதல் குழு அந்த லாபத்தை வாங்கிக்கொள்ளும் நிலையில் தன் காரை ஏற்கெனவே வைத்திருந்தது. அந்த நிலையை உருவாக்குவதும், பந்தயம் முழுவதும் அதை விட்டுக்கொடுக்காமல் காப்பதும்தான் பிட் சுவரில் நிற்பவரின் வேலை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விதிப்புத்தகம்

அமைப்பாளர்கள் அந்தந்தப் பந்தயத்துக்கென வெளியிடும் துணைவிதிகளை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும். தூரத்தை வைத்து முடியும் பந்தயமா, கடிகாரத்தை வைத்து முடியும் பந்தயமா என்பதே முதல் கேள்வி. சிப்பாங் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், எனவே 1000 கிலோமீட்டரைக் கடக்க 181 சுற்று ஓட வேண்டும். தூரப் பந்தயத்தில் மழையோ சேஃப்டி காரோ வந்தால் சுற்றுகளின் எண்ணிக்கை மாறாது, நேரம்தான் நீளும். மெதுவாக ஓடிய ஒவ்வொரு சுற்றும் எரிபொருளை மிச்சப்படுத்தி நமக்குச் சாதகமாகவே நிற்கும். ஆசிய லெ மான்ஸ் தொடரின் 4 மணி நேரப் பந்தயம் போன்றவற்றில் கடிகாரமே எல்லை என்பதால், மெதுவான சுற்றுகள் மொத்தச் சுற்றுகளையே குறைத்துவிடும். அங்கே கடைசி நிறுத்தத்தில் எத்தனை லிட்டர் ஊற்றுவது என்ற கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். தூரப் பந்தயத்துக்கும் ஓர் உச்ச நேர வரம்பு விதிக்கப்பட்டிருந்தால், கனமழை நாளில் அது கடிகாரப் பந்தயமாகவே மாறிவிடலாம் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து, நிறுத்தத்துக்குக் குறைந்தபட்ச நேரம் உண்டா, ஓட்டுநர் ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம், எரிபொருள் ஊற்றும்போது ஓட்டுநர் உள்ளே இருக்கலாமா, சேஃப்டி கார் நேரத்தில் பிட் பாதை திறந்திருக்குமா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் கணக்குகள் எல்லாம் இந்த விடைகளைப் பொறுத்து மாறும். கடைசிக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் தெளிவு இல்லையென்றால், ஓட்டுநர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டுவிட வேண்டும். கூச்சப்படுவதற்கான இடம் அதுவல்ல.

எரிபொருள் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு காரை வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி, அதாவது 160 விநாடி ஓடுகிறது. டேங்கில் பயன்படுத்தத்தக்க எரிபொருள் 47 லிட்டர். சுற்றுக்கு 1.8 லிட்டர் குடிக்கிறது. ஒரு டேங்கில் 26 சுற்று ஓடலாம். ஆறு முறை நின்றால் ஏழு டேங்க். 7 × 26 என்றால் 182 சுற்று. பந்தயமோ 181 சுற்று. தாளில் பார்த்தால் ஆறு நிறுத்தம் போதும் என்று தோன்றும். ஆனால் தொடக்கக் கொடி விழுவதற்கு முன் அணிவகுத்து ஓடும் ஃபார்மேஷன் சுற்றும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. அதையும் சேர்த்தால் 182 முடிந்துவிட்டது, மிச்சம் ஒன்றுமில்லை.

இந்தத் திட்டத்தில் முதல் நிறுத்தத்தை எப்போது செய்யலாம் என்று பாருங்கள். 25-ஆம் சுற்றைத் தாண்டினால் எரிபொருள் தீர்ந்துவிடும். 25-க்கு முன்பே வந்துவிட்டால், எஞ்சிய சுற்றுகளை ஆறு டேங்கில் முடிக்க முடியாது. ஏழாவது நிறுத்தம் தேவைப்படும். ஆக 25-ஆம் சுற்று ஒன்றுதான் வழி. இரண்டாவது நிறுத்தத்துக்கும் அப்படியே, 51-ஆம் சுற்று ஒன்றுதான். பந்தயக்காரர்கள் சொல்லும் பிட் விண்டோவின், அதாவது நிறுத்தம் செய்யத்தக்க சுற்றுகளின், அகலம் இங்கே ஒரே ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில் சேஃப்டி கார் வந்தால் உண்டு, இல்லையென்றால் அது நமக்காக வந்த சேஃப்டி கார் அல்ல.

இப்போது அதே கார் சுற்றுக்கு 1.74 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் வெறும் 60 மில்லிலிட்டர். ஒரு டேங்கில் 27 சுற்று ஓடலாம். முதல் நிறுத்தத்தை 19-ஆம் சுற்றிலிருந்து 26-ஆம் சுற்றுக்குள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவதை 46-லிருந்து 53-க்குள். மூன்றாவதை 73-லிருந்து 80-க்குள். ஒவ்வொரு 27 சுற்றிலும் எட்டுச் சுற்று விண்டோ திறந்திருக்கிறது. சேஃப்டி கார் எந்தச் சுற்றிலும் வரலாம் என்று கொண்டால், முதல் திட்டத்தில் அது நமக்குப் பயன்பட 26-இல் ஒரு வாய்ப்பு. இரண்டாவது திட்டத்தில் 27-இல் எட்டு வாய்ப்பு. எரிபொருள் சேமிப்பது ஒரு நிறுத்தத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன், அதிர்ஷ்டம் நம்மை எட்டக்கூடிய பரப்பை அது விரிவாக்குவதுதான்.

அந்த 60 மில்லிலிட்டரை எங்கே சேமிப்பது? சிப்பாங்கில் பிரதான பார்வையாளர் அரங்கின் இரு புறமும் இரண்டு நீண்ட நேர்பாதைகள் உள்ளன. ஒன்றின் முடிவில் 15-ஆம் வளைவு, மற்றொன்றின் முடிவில் முதல் வளைவு. அந்த இரண்டு இடங்களிலும் பிரேக் மிதிக்கும் புள்ளிக்குச் சற்று முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் காரை உருளவிட்டால் போதும். உச்ச வேகத்தில் குடிக்கும் எரிபொருள்தான் அதிகம் என்பதால் அங்கே விட்டுக்கொடுக்கும் நேரம் குறைவாகவும் மிச்சம் அதிகமாகவும் இருக்கும். வளைவுக்குள் வேகத்தைக் குறைத்துச் சேமிக்கச் சொல்லாதீர்கள். அது நேரத்தைத் தின்னும், எரிபொருளைப் பெரிதாக மிச்சப்படுத்தாது. இப்படிச் சேமிப்பதால் சுற்றுக்கு 0.4 விநாடி போகிறது என்றால் 181 சுற்றுக்கு 72 விநாடி. ஒரு நிறுத்தத்தின் மொத்தச் செலவு 150 விநாடி என்று கொண்டால், சுற்றுக்கு 0.8 விநாடி வரை விட்டுக்கொடுத்தாலும் சேமிப்பே லாபம். அதைத் தாண்டினால் வேகமாக ஓடி ஏழு முறை நிற்பதே மேல். இந்த எல்லையை வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே, எல்லா ஓட்டுநர்களையும் வைத்து, உண்மையில் ஊற்றிய லிட்டரை அளந்து கண்டுபிடித்துவிட வேண்டும். டாஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பக் கூடாது.

சேஃப்டி கார் வரும்போது

பச்சைக் கொடியின் கீழ், அதாவது எல்லாரும் முழுவேகத்தில் ஓடும்போது, 150 விநாடி நிற்பது என்றால், சுற்றுக்கு 160 விநாடி ஓடும் போட்டியாளரிடம் 0.94 சுற்றை இழப்பது. ஆபத்து நேரத்தில் தடம் முழுவதும் மஞ்சள் கொடி அறிவிக்கப்பட்டு எல்லாரும் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருந்தால், சிப்பாங்கின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 249 விநாடி ஆகும். அப்போது அதே 150 விநாடி வெறும் 0.60 சுற்றுதான். வித்தியாசம் மூன்றில் ஒரு சுற்று. பச்சைக் கொடி நேரத்துக்கு மாற்றினால் சுமார் 54 விநாடி. நான்கு பேர் மாறிமாறி உயிரைக் கொடுத்து ஓட்டினாலும் ஒரு டேங்கில் அவ்வளவு நேரத்தைச் சம்பாதிப்பது கடினம்.

ஆகவே, மஞ்சள் அறிவிப்பு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விண்டோ திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் உடனே உள்ளே அழையுங்கள். திறக்க இன்னும் இரண்டு சுற்றுதான் இருக்கிறது என்றால், மஞ்சளில் ஓடும் சுற்றுகள் மிச்சப்படுத்தும் எரிபொருளையும் சேர்த்துப் பாருங்கள். ஊர்ந்து ஓடும் இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று எரிபொருள் மிஞ்சும் என்றால், மஞ்சள் நீடிக்க நீடிக்க விண்டோ தானாகவே முன்னால் நகர்ந்து வரும். பத்துச் சுற்று தள்ளி இருந்தால் ஆசைப்படாதீர்கள். அடுத்தவர்கள் எல்லாரும் உள்ளே போகிறார்களே என்று பதறி நாமும் போவது, பின்னால் ஒரு முழு நிறுத்தத்தை விலையாகக் கேட்கும்.

இந்த முடிவை எடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பிட் நுழைவு 15-ஆம் வளைவை ஒட்டி இருப்பதால், அறிவிப்பு வரும்போது கார் 14-ஆம் வளைவில் இருந்தால் பேச்சு வார்த்தைக்கே இடமில்லை. அதனால் விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பெரிய தாள் ஒன்றை அட்டையில் கிளிப் போட்டு, சுற்று எண், ஓட்டுநர், சுற்று நேரம், எஞ்சிய எரிபொருள், விண்டோ திறக்கும் சுற்று, மூடும் சுற்று என்று கட்டம் கட்டுங்கள். ஓரத்தில், இப்போது மஞ்சள் வந்தால் உள்ளேயா வெளியேயா என்பதை ஒற்றைச் சொல்லாக எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் அழித்துத் திருத்துங்கள். பென்சிலில்தான் எழுத வேண்டும்; சிப்பாங்கின் புழுக்கத்தில் முழங்கை வியர்வை தாளில் பட்டாலே பேனா மை கலைந்துவிடும், மழைத்தூறல் பட்டால் கேட்கவே வேண்டாம். கணினி வைத்துக்கொள்ளலாம், ஆனால் தாளும் இருக்கட்டும்.

பிரேக் பேட் மாற்றம் போன்ற நீண்ட வேலைகளையும் இதே நோக்கில் பாருங்கள். நேர்பாதைகளின் முடிவில் விழும் கடும் பிரேக்கிங்கால் சிப்பாங் பேடுகளை விரைவாகத் தின்னும் தடம். எத்தனையாவது சுற்றுக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்பது தெரிந்திருந்தால், அதற்கு முந்தைய இரண்டு நிறுத்தங்களில் எதில் மஞ்சள் கிடைக்கிறதோ அதில் அந்த வேலையைச் சேர்த்துவிடலாம். பேடுகளைச் சூடான நிலையிலேயே மாற்றிப் பழகிய மெக்கானிக் நம்மிடம் இருக்க வேண்டும் என்பது இதற்கான முன்நிபந்தனை.

மழை

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பது இங்கு வாழ்கிற யாருக்கும் புதிதல்ல. சிப்பாங்கில் அதன் தனிக்குணம், தடத்தின் ஒரு பாதி நனைந்து மறுபாதி காய்ந்தே கிடப்பது. 2009-ஆம் ஆண்டின் மலேசிய ஃபார்முலா 1 பந்தயம் நெடுநேரப் பந்தயம் அல்ல என்றாலும், டயர் முடிவு பற்றி அதைவிடத் தெளிவான பாடம் இந்தத் தடத்தில் கிடைக்காது. மாலை 5 மணிக்குத் தொடங்கிய அந்தப் பந்தயத்தில், கருமேகத்தைப் பார்த்து ஃபெராரி அணி கிமி ராய்க்கோனனுக்கு முழுமழை டயரை மாட்டிவிட்டது. மழை வரவில்லை, தடம் காய்ந்திருந்தது, டயர் சில சுற்றுகளிலேயே சிதைந்துபோனது. பிறகு தூறல் தொடங்கியபோது பலரும் முழுமழை டயருக்குப் போக, டிமோ கிளாக் நடுத்தர டயரில் (லேசான ஈரத்துக்கான டயர்) போய்ப் பல இடங்கள் முன்னேறினார். அதன்பின் கொட்டிய மழையில் பந்தயம் நிறுத்தப்பட்டு, 31 சுற்று நிலவரப்படி ஜென்சன் பட்டன் வென்றதாகவும் கிளாக் மூன்றாமவர் என்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. வழங்கப்பட்டது பாதிப் புள்ளிதான். மேகத்தைப் பார்த்து டயரை மாற்றியவர் தோற்றார், தடத்தில் நின்ற தண்ணீரைப் பார்த்து மாற்றியவர் பிழைத்தார்.

நெடுநேரப் பந்தயத்தில் இந்த முடிவை எளிய வகுத்தலாக்கிவிடலாம். ஈரத்தில் ஸ்லிக் டயரில் (காய்ந்த தடத்துக்கான வரிப்பள்ளமில்லாத டயர்) ஓடுவதால் மழை டயரைவிடச் சுற்றுக்கு 25 விநாடி போகிறது என்றும், டயருக்காக மட்டும் உள்ளே வந்துபோக 100 விநாடி ஆகிறது என்றும் கொள்வோம். காய்ந்ததும் மறுபடி ஸ்லிக்குக்குத் திரும்ப இன்னொரு 100 விநாடி. ஆக 200 விநாடியை 25-ஆல் வகுத்தால் எட்டு. ஈரம் எட்டுச் சுற்றுக்கு மேல், அதாவது இருபது நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் என்று தோன்றினால் மட்டுமே தனியாக ஒரு நிறுத்தம் தகும். ஆனால் எரிபொருள் விண்டோ திறந்திருந்தால் கணக்கே வேறு. எப்படியும் வரவேண்டிய நிறுத்தத்தில் டயரையும் சேர்த்து மாற்றினால் கூடுதல் செலவு மிகக் குறைவு. அகலமான விண்டோ இங்கேயும் கைகொடுக்கிறது. ஒரு விதிவிலக்கை மறக்க வேண்டாம்: கார் நீரில் மிதக்கத் தொடங்கிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னால் வகுத்தல் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே உள்ளே அழைத்துவிட வேண்டும். சுவரில் மோதிய காருக்கு வியூகம் கிடையாது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் ராடார் படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சில நிமிடங்கள் பழையது. அதைவிடப் புதிய செய்தி ஓட்டுநரிடம்தான் இருக்கிறது, அவர் அதை ஒழுங்காகச் சொல்லப் பழக வேண்டும். "மழை பெய்யுது" என்பது செய்தி ஆகாது. நல்ல ரேடியோப் பேச்சு இப்படி இருக்கும்: "அண்ணே, ஒன்பதுல தண்ணி நிக்குது. பதினொன்னுலேர்ந்து காய்ஞ்சுதான் இருக்கு." சுவரிலிருந்து பதில்: "சரிப்பா. அடுத்த சுத்துலயும் ஒன்பதப் பார்த்துச் சொல்லு, வண்டிய நேரா வச்சுக்க." இரண்டு சுற்றுச் செய்திகளை ஒப்பிட்டால்தான் ஈரம் கூடுகிறதா குறைகிறதா என்பது தெரியும். டயர் முடிவுக்குத் தேவை அந்தப் போக்குதான்.

ஓட்டுநர்களும் நெரிசலும்

மேற்சொன்ன கணக்குப்படி ஒரு டேங்க் என்பது எழுபது நிமிட ஓட்டம். கூரை மூடிய காருக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டும் நாளில், எழுபதாவது நிமிடத்தில் ஓட்டுநரின் தீர்மானம் மங்கத் தொடங்குவது இயல்பு. எனவே வெயில் உச்சத்தில் இருக்கும் நண்பகல் ஓட்டத்தை உடல் உறுதி மிகுந்தவருக்கும், மழை எதிர்பார்க்கும் பிற்பகலை ஈரத்தில் பதற்றமில்லாதவருக்கும் கொடுங்கள். வேகமானவரைத் தொடக்கத்தில் இறக்கிப் பெருமைப்படுவதில் பயனில்லை. முதல் மணி நேரத்தில் நெடுநேரப் பந்தயத்தை வெல்ல முடியாது, தோற்க முடியும். ஓட்டுநர் வரிசையைத் துணிந்து மாற்றுவதற்கும் தயங்கக் கூடாது. துபாயில் பயிற்சியின்போது பிரேக் செயலிழந்து காரை மோத நேர்ந்த அஜித்குமார், அணியின் நன்மையைக் கருதி அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். மற்ற ஓட்டுநர்கள் அதை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ரசிகர்கள் கூடிப் பாராட்டும் வீரதீரச் செயல் அல்ல அது, ஆனால் பிட் சுவரிலிருந்து பார்த்தால் அந்த வார இறுதியின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று.

பல பிரிவுக் கார்கள் சேர்ந்து ஓடும் பந்தயமானால் நெரிசலையும் கணக்கிடுங்கள். 160 விநாடியில் சுற்றும் நம்மை 125 விநாடியில் சுற்றும், ஜிடி3 என்ற வேகமான பிரிவின் கார் ஏறத்தாழ ஒன்பதரை நிமிடத்துக்கு ஒருமுறை முந்தும். அத்தகைய கார்கள் பத்து இருந்தால், நிமிடத்துக்கு ஒருமுறை நாம் முந்தப்படுகிறோம். ஒவ்வொரு முறையும் வழி எங்கே கொடுப்பது என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். நேர்பாதையில் நம் கோட்டிலேயே நிலையாக ஓடுவதும், வளைவுக்குள் திடீரென்று விலகாமல் இருப்பதும்தான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

எது அதிர்ஷ்டம், எது இல்லை

ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பந்தயம் முடிந்ததும் எல்லாத் தோல்விகளும் துரதிர்ஷ்டம் என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடுகின்றன. டொயோட்டா அணி பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அடுத்தடுத்துச் சந்தித்த மூன்று நிகழ்வுகளைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். 2016-இல், பந்தயம் முடிய மூன்று நிமிடமே இருக்கையில், முன்னணியில் இருந்த கசுகி நகாஜிமாவின் கார் சக்தி இழந்து நேர்பாதையில் நின்றது. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான இணைப்பு ஒன்று கழன்றதே காரணம். போர்ஷே வென்றது. அந்த நொடியில் பிட் சுவரில் நின்றவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

2017-இல் நடந்தது வேறு. இரவில், சேஃப்டி கார் நேரத்தில், பிட் வெளிவாயிலின் சிவப்பு விளக்கில் கமுய் கோபயாஷி காத்திருந்தார். ஆரஞ்சு உடையில் வந்த இன்னொரு அணியின் ஓட்டுநர் வாழ்த்தாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட, அதை மார்ஷலின் (தட அதிகாரியின்) அனுமதி என்று எண்ணிக் காரை நகர்த்தினார். அணி நிறுத்தச் சொல்ல, மறுபடி நின்று கிளம்பியதில் அதற்கென வடிவமைக்கப்படாத கிளட்ச் கருகி, முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த கார் வெளியேறியது. இதில் பாதி துரதிர்ஷ்டம். மறுபாதி, வெளிவாயிலில் யார் சொன்னால் நகர்வது என்பதை ரேடியோவில் உறுதிசெய்யும் ஒழுங்கு இல்லாதது. 2019-இலோ, கடைசிக் கட்டத்தில் முன்னணியில் இருந்த 7-ஆம் எண் காரில் காற்று இறங்கியது ஒரு டயர், சென்சார் சுட்டியது வேறு டயர். சென்சார் சொன்னதை மாற்றி அனுப்பினார்கள். கார் மறுபடி உள்ளே வர வேண்டியதாயிற்று. அதே அணியின் 8-ஆம் எண் கார் 17 விநாடிக்குள்ளான வித்தியாசத்தில் வென்றது. நான்கு டயரையும் கண்ணால் பார்த்திருந்தாலோ, நான்கையும் மாற்றியிருந்தாலோ தவிர்த்திருக்கக்கூடியதை நான் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

உங்கள் குழுவின் பந்தயத்தையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முடிவையும் எடுத்த நேரத்தில், அப்போது தெரிந்திருந்த செய்தி என்ன, ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிறகு உட்கார்ந்து பேசும்போது, விளைவை மறைத்துக்கொண்டு அந்த வரியை மட்டும் படித்து, அது சரியான முடிவா என்று கேளுங்கள். சரியான முடிவு கெட்ட விளைவைத் தந்திருந்தால் அடுத்த முறையும் அதையே செய்ய வேண்டும். தவறான முடிவு நல்ல விளைவைத் தந்திருந்தால், கோப்பை கையில் இருந்தாலும், அதை மாற்றியாக வேண்டும். இரண்டாவதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினம்.

கடைசி மணி நேரம்

இறுதிக் கட்டத்தில் நோக்கம் மாறுகிறது. இதுவரை வழிகளைத் திறந்து வைத்தோம். இப்போது ஒவ்வொன்றாக மூட வேண்டும். 2024 லெ மான்ஸில் 50-ஆம் எண் ஃபெராரியின் கதவு ஓடும்போதே திறந்துகொள்ள, அதை மூடுவதற்காகத் திட்டமிடாத நேரத்தில் உள்ளே வர நேர்ந்தது. அணி பதறவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று அந்த நிறுத்தத்தையே எரிபொருள் திட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தைச் சிக்கனமாக ஓட்டி, இன்னொரு நிறுத்தத்தைத் தவிர்த்தது. டொயோட்டாவை 14.221 விநாடியில் வென்று கோட்டைக் கடந்தபோது காரில் மிஞ்சியிருந்த ஆற்றல் இரண்டு விழுக்காடுதான். கட்டாய நிறுத்தம் எதுவானாலும், அபராதமோ பஞ்சரோ, அதோடு சேர்த்து வேறு என்ன வேலையை முடிக்கலாம் என்று முதலில் கேட்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

கடைசி நிறுத்தத்தில் டேங்கை நிரப்பாதீர்கள். தேவையான சுற்றுகளுக்கு உரிய லிட்டரோடு இரண்டு சுற்றுக்கான கையிருப்பைச் சேர்த்து ஊற்றினால் போதும். மிஞ்சிய ஒவ்வொரு லிட்டரும் ஊற்றும் நேரத்தையும் காரின் எடையையும் கூட்டும். முன்னால் இருப்பவரைத் துரத்துவதா, பின்னால் வருபவரைத் தடுப்பதா என்பதைச் சுற்று நேர வித்தியாசத்தை எஞ்சிய சுற்றுகளால் பெருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இருபது சுற்றில் சுற்றுக்கு 1.5 விநாடி பிடித்தாலும் 30 விநாடிதான் கிடைக்கும். இடைவெளி 45 விநாடி என்றால், இனி மஞ்சள் வந்தாலொழிய எட்ட முடியாது. கெர்பில் (வளைவோர விளிம்புத் திட்டில்) ஏறிக் காரை உடைத்துக்கொள்ளாமல் ஓட்டச் சொல்லுங்கள்.

முடிவுக் கொடி விழுந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஜாஸ்மான் ஜாஃபர், வெய்ரோன் தான், நபில் ஜெஃப்ரி என மூன்று மலேசியர்கள் ஒரே எல்எம்பி2 (லெ மான்ஸின் இரண்டாம் நிலைப் பந்தயக் கார்ப் பிரிவு) காரை ஓட்டிய 2018 லெ மான்ஸில், அந்தப் பிரிவில் முதலில் கோட்டைக் கடந்த ஜி-டிரைவ் அணி பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில் தகுதி இழந்தது. எரிபொருள் ஊற்றும் கருவிக்குள் அனுமதிக்கப்படாத ஒரு பாகம் இருந்ததே காரணம்; வெற்றி அல்பின் அணிக்குப் போனது, மேல்முறையீடும் எடுபடவில்லை. ஆகவே, ஊற்றும் கருவி, காரின் எடை, ஓட்டுநர் நேரப் பதிவு ஆகிய மூன்றையும் பந்தயத்துக்கு முந்தைய இரவிலேயே விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். பந்தயம் முடிந்த பின் அதிகாரிகள் விடுவிக்கும்வரை காரை யாரும் தொடக் கூடாது என்று மெக்கானிக்குகளிடம் சொல்லிவிட்டு, நிறுத்த நேரங்கள் எழுதிய தாளோடு நீங்களே சோதனைக் கூடத்துக்குப் போய் நில்லுங்கள்.